லினக்ஸ் சர்வரில் போர்ட் திறப்பதும் மூடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் வலைத்தளத்தையோ செயலியையோ ஏற்றத் தொடங்குபவர்கள் ஃபயர்வால் (சர்வருக்கு வரும் இணைப்புகளில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் காவல் அமைப்பு) பற்றிக் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகின்றன. அவற்றைத் தொகுத்து இங்கே வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் வகையைச் சேர்ந்த ராக்கி, ஆல்மா ஆகியவற்றுக்கு இந்தப் பதில்கள் பொருந்தும். கட்டளைகள் ஒலிப்படி தமிழில் உள்ளன. தட்டச்சு செய்யும்போது, பெரிய எழுத்து என்று சொல்லாத இடங்களில் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடியுங்கள்.

போர்ட் என்றால் உண்மையில் என்ன? சர்வரின் பின்புறம் கேபிள் செருகும் துளையா?

இல்லை, அது வெறும் எண். டிசிபி, யுடிபி என்ற இரு நெறிமுறைகளில் சர்வருக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தரவுத் துண்டு) ஐபி முகவரியோடு சேர்ந்து, 0 முதல் 65535 வரையிலான ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். ஒரே இயந்திரத்தில் ஓடும் பல புரோகிராம்களில் இந்தப் பாக்கெட் எதற்கு உரியது என்பதைக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறது. டிசிபிக்கும் யுடிபிக்கும் தனித்தனி எண் வரிசை உண்டு. ஆகவே டிசிபி 443 வேறு, யுடிபி 443 வேறு.

1024க்குக் கீழான எண்களில் காத்திருக்க வழக்கமாக ரூட் (முழு நிர்வாகி) உரிமை வேண்டும். வலைத்தளத்துக்கு 80, 443 என்றும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கு 22 என்றும் எண்கள் நிலைபெற்றது உலகளாவிய ஒப்பந்தத்தால். 1995இல் எஸ்எஸ்எச்சை உருவாக்கிய பின்லாந்துக்காரர் டாட்டு யுலோனன், எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22ஐக் கேட்டு விண்ணப்பித்தார், கிடைத்துவிட்டது.

ஃபயர்வாலில் அனுமதித்துவிட்டாலே போர்ட் திறந்துவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளின் வேர் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு போர்ட் வெளியிலிருந்து எட்டக்கூடியதாக இருக்க நான்கு விஷயங்கள் ஒன்றுகூட வேண்டும். அந்த எண்ணில் ஒரு புரோகிராம் காத்திருக்க வேண்டும். அது வெளியுலக முகவரியில் காத்திருக்க வேண்டும், 127.0.0.1இல் மட்டும் காத்திருந்தால் அதே சர்வருக்குள் இருப்பவை மட்டுமே அதை எட்ட முடியும். சர்வரின் ஃபயர்வால் அனுமதிக்க வேண்டும். கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வால் சர்வருக்கு வெளியே தனியாக இருந்தால் அதுவும் அனுமதிக்க வேண்டும்.

ஃபயர்வாலில் 8080ஐ அனுமதித்தும் அங்கே புரோகிராம் எதுவும் ஓடவில்லை என்றால் வருபவருக்கு எதுவும் கிடைக்காது. இப்போதைக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் நாளை யாராவது சோதனைக்காக ஒரு புரோகிராமை அந்த எண்ணில் ஓட்டினால், அது அந்த நொடியே உலகத்துக்குத் தெரியும். பயன்படாத அனுமதிகளை விட்டுவைக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

என் சர்வரில் இப்போது எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

உள்ளிருந்து ஒரு முறை, வெளியிலிருந்து ஒரு முறை பாருங்கள். உள்ளிருந்து பார்க்க: சுடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன். இதில் டி டிசிபியையும் யு யுடிபியையும் குறிக்கும். எல் என்றால் காத்திருப்பவை மட்டும், பி என்றால் புரோகிராமின் பெயரோடு, என் என்றால் எண்ணை எண்ணாகவே காட்டு. பழைய நூல்களில் இதே வேலைக்கு நெட்ஸ்டாட் இருக்கும். புதிய சர்வர்களில் அது பெரும்பாலும் நிறுவப்பட்டிருக்காது.

முகவரிப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். 127.0.0.1:3306 என்றால் டேட்டாபேஸ் உள்ளுக்குள் மட்டும் பேசுகிறது, நிம்மதி. 0.0.0.0:3306 என்றால் சர்வரின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் காத்திருக்கிறது. [::] அல்லது நட்சத்திரக் குறி வந்தால் ஐபிவி6இலும். பெரும்பாலும் ஐபிவி4இலும் சேர்த்தே. உபுண்டுவில் 127.0.0.53இல் 53ஆம் போர்ட்டைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது சர்வரின் சொந்தப் பெயர்த் தேடலுக்கானது, வெளியே தெரியாது.

வெளியிலிருந்து பார்க்க, வேறொரு கணினியிலிருந்து என்மேப்பை (போர்ட்களைத் தட்டிப் பார்க்கும் கருவி) ஓட்டுங்கள். அதே சர்வருக்குள்ளிருந்து தன்னையே சோதித்தால் பாக்கெட் லூப்பேக் (சர்வர் தன்னோடு தானே பேசும் உள்வழி) வழியாகவே சுற்றிவரும்; ஃபயர்வால் இருப்பதே தெரியாது. இன்னொன்று, என்மேப் தானாகப் பார்ப்பது பரவலாகப் பயன்படும் 1000 போர்ட்களை மட்டும். அனைத்தையும் பார்க்க -பி- என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும்.

ஐபிடேபிள்ஸ், என்எஃப்டேபிள்ஸ், யுஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி. இவற்றில் எது உண்மையான ஃபயர்வால்?

நான்கும் இல்லை. பாக்கெட்டைத் தடுப்பதும் விடுவதும் கெர்னலுக்குள் இருக்கும் நெட்ஃபில்டர். 2001இல் வந்த 2.4 கெர்னலோடு அது பரவலானது. ஐபிடேபிள்ஸ் அதற்கு விதி எழுதும் கருவி. 2014இல் 3.13 கெர்னலில் என்எஃப்டேபிள்ஸ் சேர்ந்தது. 2019இல் வெளியான டெபியன் 10, ரெட் ஹேட் 8 இரண்டிலும் ஐபிடேபிள்ஸ் என்று அடித்தாலும் உள்ளே என்எஃப்டேபிள்ஸ்தான் வேலை செய்கிறது. யுஎஃப்டபிள்யூவும் ஃபயர்வால்டியும் இவற்றின் மேல் அமர்ந்து நமக்கு எளிய மொழியைத் தருபவை. முன்னது உபுண்டு 8.04 முதலும், பின்னது ரெட் ஹேட் 7 முதலும் உடன் வருகின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதே முக்கியம். உபுண்டு என்றால் யுஎஃப்டபிள்யூ, ரெட் ஹேட் வகை என்றால் ஃபயர்வால்டி. இதில் விவாதத்துக்கு நேரம் செலவிடத் தேவையில்லை. இரண்டையும் ஒரே சர்வரில் ஓட்டினால், ஒன்று அனுமதித்ததை மற்றொன்று தடுத்துக்கொண்டிருக்கும். என்எஃப்டேபிள்ஸில் ஒரு சங்கிலி (வரிசையாகப் படிக்கப்படும் விதிகளின் தொகுப்பு) அனுமதித்த பாக்கெட், அதன் பின் வரும் இன்னொரு சங்கிலியில் தடுக்கப்படலாம். ஆனால் ஓரிடத்தில் டிராப் (பதில் சொல்லாமல் தூக்கியெறிதல்) ஆனால் கதை அங்கேயே முடிந்தது. இது தெரியாமல் மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

முதன்முதலாக ஃபயர்வாலை இயக்கப் போகிறேன். எஸ்எஸ்எச் துண்டிக்கப்பட்டு நானே வெளியே மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான். முதலில் யுஎஃப்டபிள்யூ அலவ் ஓப்பன்எஸ்எஸ்எச், அதன் பிறகே யுஎஃப்டபிள்யூ எனேபிள். எஸ்எஸ்எச் 22 அல்லாத எண்ணில் ஓடினால் அந்த எண்ணையே அனுமதியுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற பெயர் 22ஐ மட்டுமே குறிக்கும்.

இயக்கியதும் உங்கள் முனையம் உயிரோடு இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளை ஃபயர்வால் நினைவில் வைத்து விட்டுவிடும். தடுக்கப்படுவது புதிய இணைப்பு. எனவே முதல் முனையத்தை மூடாமல், இரண்டாவதாக ஒன்றைத் திறந்து நுழைய முடிகிறதா என்று பாருங்கள்.

தொலைவில் உள்ள சர்வரில் பெரிய மாற்றம் செய்யும்போது தானாகத் திரும்பும் ஏற்பாடு ஒன்றை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ஏட் கட்டளையைக் கொண்டு பத்து நிமிடத்தில் யுஎஃப்டபிள்யூ டிசேபிள் ஓடும்படி வைத்துவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள். எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்துவிடலாம். ஃபயர்வால்டியில் விதியைச் சேர்க்கும்போதே --டைம்அவுட்=5எம் என்று கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் அது தானாக நீங்கிவிடும். இவை எல்லாம் கைவிட்டாலும் கிளவுட் நிறுவனத்தின் இணையக் கன்சோல் இருக்கிறது. அதில் நுழையக் கடவுச்சொல் தெரியுமா என்று இன்றே சோதித்துப் பாருங்கள்.

ஒரு போர்ட்டைத் திறக்க, மூட நேரான கட்டளையை மட்டும் சொல்லுங்கள்.

உபுண்டுவில் திறக்க: யுஎஃப்டபிள்யூ அலவ் 443/டிசிபி. நீக்க: யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்ட் என்று கேட்டு எண்ணைப் பார்த்து, யுஎஃப்டபிள்யூ டெலீட் என்று அந்த எண்ணைக் கொடுங்கள். ஒன்றை நீக்கியதும் கீழுள்ள எண்கள் மேலேறிவிடும். இரண்டு விதிகளை நீக்க வேண்டுமென்றால் பெரிய எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

ரெட் ஹேட் வகையில்: ஃபயர்வால்-சிஎம்டி --பெர்மனென்ட் --ஆட்-போர்ட்=443/டிசிபி, அதன் பின் ஃபயர்வால்-சிஎம்டி --ரீலோட். நீக்குவதற்கு ஆட் என்ற இடத்தில் ரிமூவ்.

ஃபயர்வால்டியில் போர்ட்டைத் திறந்தேன், நன்றாக வேலை செய்தது. ரீபூட் செய்ததும் மூடிக்கொண்டதே?

முந்தைய பதிலில் உள்ள --பெர்மனென்ட்டை விட்டிருப்பீர்கள். ஃபயர்வால்டி இரண்டு பட்டியல்களை வைத்திருக்கிறது: இப்போது நடப்பில் உள்ளது ஒன்று, வட்டில் எழுதியது ஒன்று. பெர்மனென்ட் இல்லாவிட்டால் நடப்பில் மட்டும் மாறும். பெர்மனென்ட் மட்டும் கொடுத்து ரீலோட் செய்யாவிட்டால் வட்டில் மட்டும் மாறும். சோதித்துப் பார்த்துத் திருப்தியான பின் --ரன்டைம்-டு-பெர்மனென்ட் என்று கொடுத்து மொத்தத்தையும் எழுதிவிடுவது எனக்குப் பிடித்த முறை.

ஐபிடேபிள்ஸை நேரடியாகப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதி. டெபியன், உபுண்டுவில் ஐபிடேபிள்ஸ்-பெர்சிஸ்டன்ட் தொகுப்பை நிறுவி நெட்ஃபில்டர்-பெர்சிஸ்டன்ட் சேவ் கொடுத்தால்தான் விதிகள் ரீபூட்டைத் தாண்டும்.

சில நேரம் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்கிறது, சில நேரம் "டைம்ட் அவுட்" என்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, இரண்டும் இரண்டு செய்திகள். தொலைபேசியில் "நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை" என்று உடனே குரல் வருவதற்கும், மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காததற்கும் உள்ள வேறுபாடு. ரெஃப்யூஸ்ட் என்றால் உங்கள் பாக்கெட் பெரும்பாலும் சர்வரைப் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே அந்த எண்ணில் யாரும் காத்திருக்கவில்லை. ஃபயர்வாலை விட்டுவிட்டுப் புரோகிராமைப் பாருங்கள். டைம்ட் அவுட் என்றால் வழியில் எங்கோ பாக்கெட் ஓசையின்றித் தூக்கியெறியப்படுகிறது. அப்போது சந்தேகம் ஃபயர்வால் மேல், அதிலும் முதலில் கிளவுட் ஃபயர்வால் மேல்.

மூன்றாவதாக "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்று ஒன்று வரும். பிங் போகிறது, ஆனால் ஒரு போர்ட்டுக்கு மட்டும் இப்படி வருகிறது என்றால் ரூட்டரைத் தேடி அலையாதீர்கள். ஃபயர்வால்டி தடுக்கும்போது அனுப்பும் மறுப்புச் செய்தி, எதிர்முனையில் இப்படித்தான் தெரியும்.

விதி எல்லாம் சரியாக இருக்கிறது, புரோகிராமும் ஓடுகிறது. வெளியிலிருந்து மட்டும் வரவில்லை.

சர்வரில் டிசிபிடம்ப்பை (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) அந்தப் போர்ட்டுக்கு மட்டும் ஓட்டிவிட்டு, வெளியிலிருந்து இணைக்க முயலுங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப், சர்வரின் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். அதில் ஒன்றும் தெரியவில்லையா, பாக்கெட் சர்வரையே அடையவில்லை. கிளவுட் தளத்தின் அமைப்பைத் திறந்து பாருங்கள். பாக்கெட் தெரிந்தும் பதில் போகவில்லையா, குற்றவாளி சர்வருக்குள் இருக்கிறார். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை இந்த ஒரு சோதனையே சொல்லிவிடும் என்பதால், விதிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்கிறேன்.

கிளவுட் பக்கத்தில் சில விசேஷங்கள் உண்டு. அமேசானின் செக்யூரிட்டி குரூப்பில் அனுமதி விதி மட்டுமே எழுத முடியும், தடை விதி கிடையாது. பதில் பாக்கெட்டுகளை அது தானாகவே விட்டுவிடும். ஆனால் அங்கேயே உள்ள நெட்வொர்க் ஏசிஎல் என்ற மற்றொரு வடிகட்டிக்கு நினைவாற்றல் இல்லை. பதில் திரும்பும் உயரெண் போர்ட்களை அதில் தனியாக அனுமதிக்க வேண்டும். ஆரக்கிள் கிளவுட்டின் உபுண்டுப் படிமத்திலோ சர்வருக்குள்ளேயே ஐபிடேபிள்ஸ் விதிகள் எழுதப்பட்டு, முடிவில் ஒரு ரிஜெக்ட் (மறுப்புச் செய்தி அனுப்பித் தடுக்கும்) வரி இருக்கும். ஐபிடேபிள்ஸ் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். கடைசியில் சேர்த்த உங்கள் அனுமதி வரியை அது எட்டவே எட்டாது; ரிஜெக்ட்டுக்கு மேலே செருக வேண்டும். அந்தத் தளத்தில் யுஎஃப்டபிள்யூவை இயக்கினால் சர்வர் மறுபடி எழாமல் போகலாம் என்றும் எச்சரிக்கை உண்டு. மூல வட்டையே நெட்வொர்க் வழியாக இணைக்கும் அமைப்பு அது.

டிராப் நல்லதா, ரிஜெக்ட் நல்லதா?

இணையத்தைப் பார்த்த பக்கம் டிராப், அலுவலகத்துக்குள் ரிஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராப் உங்களை மறைத்துவிடாது. சோதிப்பவரைக் காக்க வைக்கும், அவ்வளவே. உள் நெட்வொர்க்கில் டிராப் வைத்தால் உங்கள் சக ஊழியர்தான் காத்திருப்பார்.

டேட்டாபேஸை என் லேப்டாப்பிலிருந்து பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 3306ஐத் திறந்துகொள்கிறேனே?

வேண்டாம். "கொஞ்ச நேரம்" என்று திறந்த விதிகள்தான் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. அது ஒருபுறம் இருக்க, கொஞ்ச நேரமே போதுமானது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஸெட்மேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே இயந்திரத்தை வைத்து, ஒரு போர்ட்டுக்காக ஐபிவி4 முகவரி வெளி முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். என் சர்வரை யாருக்குத் தெரியும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: உங்களை யாரும் தெரிந்து தேடுவதில்லை, எல்லோரையும் தேடுகிறார்கள்.

2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் 27017இல் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, தரவு வேண்டுமென்றால் பணம் அனுப்பு என்ற குறிப்பு விடப்பட்டது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் பாய்ந்த தாக்குதல், யுடிபி 11211இல் திறந்து கிடந்த மெம்கேஷ்டு சர்வர்களைப் பயன்படுத்தியது. அந்த சர்வர்களின் உரிமையாளர்களுக்கு கிட்ஹப் மேல் எந்தப் பகையும் இல்லை. போர்ட்டை மூடவில்லை, அவ்வளவுதான். ரெடிஸின் 6379, எலாஸ்டிக்சர்ச்சின் 9200, போஸ்ட்கிரெஸின் 5432 எல்லாம் இதே பட்டியலில் சேரும்.

உங்களுக்குத் தேவை எஸ்எஸ்எச் சுரங்கம். எஸ்எஸ்எச் கட்டளையோடு -எல் 3307:127.0.0.1:3306 என்று (இந்த எல் பெரிய எழுத்து) சேர்த்து சர்வருக்குள் நுழைந்தால், லேப்டாப்பின் 3307 சர்வருக்குள் இருக்கும் 3306ஆக மாறிவிடும். டேட்டாபேஸ் 127.0.0.1இலேயே இருக்கும், ஃபயர்வாலில் புதிதாக எதுவும் திறக்க வேண்டாம். டேட்டாபேஸைப் பார்க்கும் வரைகலைக் கருவிகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு பக்கம் உண்டு.

இன்னொரு சர்வரிலிருந்து மட்டும் டேட்டாபேஸுக்கு வர வேண்டும் என்றால்?

அப்போது ஃபயர்வால் தன் உண்மையான வேலையைச் செய்யட்டும்: யுஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 203.0.113.10 டு எனி போர்ட் 5432 புரோட்டோ டிசிபி. இரண்டு சர்வர்களும் ஒரே கிளவுட்டில் இருந்தால் வெளி முகவரியை விடுத்துத் தனி நெட்வொர்க்கின் முகவரியைப் பயன்படுத்துங்கள். டேட்டாபேஸையும் அந்த முகவரியில் மட்டும் காத்திருக்கச் செய்யுங்கள்.

என் வீட்டு இணைப்பின் ஐபி அடிக்கடி மாறுகிறது. எனக்கு மட்டும் என்று எப்படி அனுமதிப்பது?

மாறுவது மட்டும் சிக்கல் இல்லை. கைப்பேசி இணைப்புகளிலும் பல வீட்டு இணைப்புகளிலும் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கத்தில் இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அப்போது "என் ஐபிக்கு மட்டும்" என்று எழுதும் விதி, முகம் தெரியாத பலருக்கும் சேர்த்தே எழுதியதாகும்.

வயர்கார்டு விபிஎன் (உங்களுக்கென்றே மறையாக்கப்பட்ட தனிவழி) ஒன்றை சர்வரில் வைத்து, எஸ்எஸ்எச்சையும் நிர்வாகப் பக்கங்களையும் அந்த விபிஎன் முகவரிகளுக்கு மட்டும் விடுங்கள். 2020இல் 5.6 கெர்னலிலேயே வயர்கார்டு சேர்ந்துவிட்டது. அது கேட்பது ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820. சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே அனுப்பாது என்பதால், தேடி வருபவருக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது.

எஸ்எஸ்எச்சை 22இலிருந்து 2222க்கு மாற்றினால் பாதுகாப்பு கூடுமா?

லாக் கோப்பு மெலியும், பாதுகாப்பு கூடாது. குருட்டாம்போக்கில் 22ஐத் தட்டும் இயந்திரங்கள் விலகும். குறிவைத்து வருபவர் என்மேப்பில் கண்டுபிடித்துவிடுவார். மாற்றுவதில் தவறில்லை, ஆனால் கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவி நுழைவை வைத்த பிறகு மாற்றுங்கள். யுஎஃப்டபிள்யூ லிமிட் என்று எழுதினால் 30 நொடிக்குள் ஆறு முறையோ அதற்கு மேலோ இணைக்க முயலும் முகவரி தடுக்கப்படும். சிறிய சர்வருக்கு இது போதும்.

மாற்றுபவர்கள் இடறும் இடங்கள் இரண்டு. ரெட் ஹேட் வகையில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு புதிய எண்ணில் காத்திருக்கவே விடாது. செமனேஜ் போர்ட் கட்டளையால் அந்த எண்ணை எஸ்எஸ்எச்_போர்ட்_டி என்ற வகையில் சேர்க்க வேண்டும். உபுண்டு 24.04இல் எஸ்எஸ்எச்சுக்காகக் காத்திருப்பது, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சாக்கெட். அமைப்புக் கோப்பை மாற்றிய பின் டீமன்-ரீலோட் செய்து எஸ்எஸ்எச்.சாக்கெட்டை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

சாவி மட்டும்தான், கடவுச்சொல் கிடையாது. பிறகு 22க்குத் தனியாகக் கட்டுப்பாடு எதற்கு?

சாவி காப்பது நுழைவை. நுழைவைச் சோதிக்கும் புரோகிராமிலேயே ஓட்டை இருந்தால் சாவியால் பயனில்லை. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்ஸெட் சுருக்கக் கருவியின் நூலகத்தில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் வெளிப்படுத்தினார். அதன் குறி எஸ்எஸ்எச் சர்வர். எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாவதைக் கவனித்து அவர் துருவியதால்தான் அது பெரும்பாலான சர்வர்களை அடையாமல் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே, உள்நுழையாமல் ரூட் உரிமை பெற வாய்ப்பளிக்கும் வேறொரு பிழை வெளியானது. இத்தகைய நாட்களில், 22ஐ விபிஎன்னுக்குப் பின்னால் வைத்தவர்கள் அடுத்த நாள் நிதானமாக அப்டேட் செய்தார்கள்.

யுஎஃப்டபிள்யூவில் 8080ஐத் திறக்கவே இல்லை. ஆனாலும் டாக்கர் கண்டெய்னர் வெளியே தெரிகிறது. எப்படி?

இது யுஎஃப்டபிள்யூவின் பிழையும் இல்லை, உங்கள் பிழையும் இல்லை. யுஎஃப்டபிள்யூவில் நாம் வழக்கமாக எழுதும் விதிகள் இன்புட் சங்கிலியில் இருக்கின்றன. அதாவது சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கு. செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் -பி 8080:80 என்று கொடுத்தால், டாக்கர் தானாகவே நாட் (முகவரி மாற்றும்) விதி ஒன்றை எழுதுகிறது. பாக்கெட் உள்ளே வந்ததுமே அதன் சேரிடம் கண்டெய்னரின் முகவரியாக மாற்றப்படுகிறது. அதன் பின் அது சர்வருக்கு வந்த பாக்கெட் இல்லை, சர்வர் வழியாகக் கடந்து போகும் பாக்கெட். ஆகவே ஃபார்வர்ட் சங்கிலிக்குப் போகிறது. உங்கள் இன்புட் விதிகளை அது சந்திப்பதே இல்லை. யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் எதையும் சொல்லாது என்பதுதான் இதில் கெட்ட விஷயம்.

எளிய தீர்வு: -பி 127.0.0.1:8080:80 என்று எழுதுங்கள். கண்டெய்னர் சர்வருக்குள் மட்டும் தெரியும். முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற வலை சர்வர் ஒன்றை நிறுத்தி 443 வழியாக விடுங்கள். கம்போஸ் கோப்பில் (பல கண்டெய்னர்களைச் சேர்த்து வரையறுக்கும் கோப்பு) டேட்டாபேஸ் கண்டெய்னருக்குப் போர்ட்ஸ் பகுதியே தேவையில்லை. ஒரே கம்போஸில் உள்ளவை தங்களுக்குள் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும். அந்தப் போர்ட்ஸ் பகுதியை நீக்கினாலே பெரும்பாலானோரின் சிக்கல் தீர்ந்துவிடும்.

வெளியே தெரியவும் வேண்டும், சில முகவரிகளுக்கு மட்டும் என்றும் வேண்டும் என்றால் டாக்கர்-யூசர் (எல்லாம் பெரிய எழுத்து) என்ற சங்கிலியில் விதி எழுதுங்கள். டாக்கர் அதை நமக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஒரு பொறி: அங்கே வரும்போது எண் ஏற்கெனவே மாறிவிட்டிருக்கும். 8080 என்று எழுதினால் பொருந்தாது. கண்டெய்னரின் 80ஐ எழுத வேண்டும், அல்லது இணைப்புகளை நினைவில் வைக்கும் கான்ட்ராக்கின் --சிடிஆரிக்டிஎஸ்டிபோர்ட் தெரிவைக் கொண்டு பழைய எண்ணைக் கேட்க வேண்டும்.

ஐபிவி6ஐ நான் பயன்படுத்துவதே இல்லை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் சர்வருக்கு ஐபிவி6 முகவரி கொடுக்கப்பட்டிருக்கலாம். ஐபிடேபிள்ஸ் ஐபிவி4ஐ மட்டுமே பார்க்கும், ஐபி6டேபிள்ஸ் தனி. ஒன்றைப் பூட்டி மற்றொன்றைத் திறந்துவைத்த சர்வர்கள் ஏராளம். யுஎஃப்டபிள்யூவின் அமைப்புக் கோப்பில் ஐபிவி6=யெஸ் என்று இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதும்; ஃபயர்வால்டியும் அப்படியே. என்மேப் சோதனையை -6 தெரிவோடு மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

பிங்கை மூடிவிட்டால் சர்வர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் அல்லவா?

443 திறந்திருக்கும் சர்வர் எப்படித் தெரியாமல் போகும்? ஐசிஎம்பியை (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) மொத்தமாக மூடுவதில் தீமைதான் அதிகம். பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு என்ற செய்தி அதன் வழியாகத்தான் வருகிறது. அதைத் தடுத்தால் சிறிய பக்கங்கள் திறக்கும், பெரியவை பாதியில் தொங்கும். காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. ஐபிவி6இல் பக்கத்து இயந்திரத்தைக் கண்டறிவதே ஐசிஎம்பிவி6 வழியாக என்பதால் இணைப்பே நின்றுவிடும்.

என்மேப் யுடிபி போர்ட்டை "ஓப்பன் அல்லது ஃபில்டர்ட்" என்கிறது. திறந்திருக்கிறதா இல்லையா?

என்மேப்புக்கும் தெரியவில்லை. யுடிபியில் கைகுலுக்கல் கிடையாது. பதில் வராததற்குக் காரணம் ஃபயர்வால் தடுத்ததாகவும் இருக்கலாம், புரோகிராம் வாயைத் திறக்காததாகவும் இருக்கலாம். இங்கே எஸ்எஸ் கட்டளையைத்தான் நம்ப வேண்டும். கூடவே ஒன்று: எச்டிடிபி/3 ஓடுவது யுடிபி 443இல். என்ஜின்எக்ஸில் அதை இயக்கியும் உலாவி எச்டிடிபி/2விலேயே நிற்கிறது என்றால் 443/டிசிபி என்று மட்டும் அனுமதித்திருப்பீர்கள்.

தளம் முழுவதும் எச்டிடிபிஎஸ்தான். 80ஐ மூடிவிடலாமா?

விட்டுவையுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை எச்டிடிபி வழிச் சோதனையில் புதுப்பிப்பவர்களுக்கு அந்தச் சோதனை 80இல்தான் வரும். மூடினால் அன்று ஒன்றும் ஆகாது, சான்றிதழ் காலாவதியாகும் நாளில் தெரியும்.

வெளியே செல்லும் போக்குவரத்தையும் தடுக்க வேண்டுமா? என் சர்வரிலிருந்து மின்னஞ்சல் மட்டும் போவதில்லை.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். அமேசானும் கூகுள் கிளவுட்டும் எரிதத்துக்கு (ஸ்பேம்) அஞ்சி 25ஆம் போர்ட்டில் வெளியே செல்வதை இயல்பாகவே தடுத்துவைத்திருக்கின்றன. உங்கள் ஃபயர்வாலில் தேடிப் பயனில்லை. மின்னஞ்சல் சேவை ஒன்றின் 587 அல்லது 465 வழியாக அனுப்புங்கள்.

வெளியே செல்வதைத் தடுப்பது நல்ல பாதுகாப்பு; உள்ளே புகுந்த தீநிரல் தன் எசமானரை அழைக்க முடியாது. ஆனால் பெயர்த் தேடலின் 53, நேரம் சரிசெய்யும் யுடிபி 123, அப்டேட்டுக்கான 80, 443 என்று தேவைகள் நீளும். தனியாளாக ஒரு சர்வரை நடத்துபவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. பணப் பரிவர்த்தனை ஓடும் சர்வர் என்றால் செய்தே ஆக வேண்டும்.

தொல்லை தரும் ஐபியைத் தடுத்து விதி எழுதினேன். அந்த ஆள் இன்னும் உள்ளேயே இருக்கிறார்.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று வரிசை: மேலே 443 எல்லோருக்கும் என்ற அனுமதி இருந்தால், கீழே சேர்ந்த தடை விதியை யுஎஃப்டபிள்யூ எட்டாது. யுஎஃப்டபிள்யூ இன்சர்ட் 1 டினை ஃப்ரம் என்று எழுதி முதலிடத்தில் செருகுங்கள். மற்றது, ஃபயர்வாலை முதலில் இயக்குவது பற்றிய பதிலில் சொன்ன நினைவாற்றல். நடப்பில் உள்ள இணைப்பை ஃபயர்வால் உங்கள் விதிகளுக்கு முன்பே விட்டுவிடும். எஸ்எஸ் -கே டிஎஸ்டி என்று அந்த முகவரியைக் கொடுத்து இணைப்பை வெட்டுங்கள். இதில் கே பெரிய எழுத்து. கெர்னல் அதற்கு ஒத்துழைக்காவிட்டால் புரோகிராமை மறுதொடக்கம் செய்யுங்கள்.

முன்பு இருந்தவர் விட்டுப்போன சர்வர் ஒன்றை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். விதிகள் குவிந்து கிடக்கின்றன, எது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எதை நீக்கலாம்?

உடனே எதையும் நீக்காதீர்கள். முதலில் எஸ்எஸ் பட்டியலையும் விதிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விதி இருந்து புரோகிராம் இல்லாதவை ஒரு குவியல். புரோகிராம் இருந்தும் அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாதவை இன்னொரு குவியல். முதல் குவியலில் அநேகமாக எல்லாம் போகலாம். ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் காப்புப்பிரதி வேலை எதுவும் அதில் ஒளிந்திருக்கிறதா என்று கிரான் (நேரம் குறித்து ஓடும் வேலைகள்) பட்டியலைப் பார்த்துவிடுங்கள். எஃப்டிபி போன்ற பழைய சேவை இருந்தால் அதற்கென ஒரு பெரிய போர்ட் வரம்பே திறந்திருக்கும். அதை எஸ்எஃப்டிபிக்கு மாற்றினால் வரம்பு முழுவதையும் மூடிவிடலாம்.

இரண்டாவது குவியலுக்கு ஐபிடேபிள்ஸ் -எல் -வி -என் உதவும் (எல் மட்டும் பெரிய எழுத்து). ஒவ்வொரு விதியிலும் எத்தனை பாக்கெட் பொருந்தியது என்று எண்ணிக்கை இருக்கும். அது ரீபூட்டிலும் விதிகளை ரீலோட் செய்யும்போதும் பூஜ்யமாகிவிடும் என்பதால், சர்வர் எத்தனை நாளாக ஓடுகிறது என்பதைப் பார்த்த பிறகே அந்தப் பூஜ்யத்தை நம்புங்கள். எண்ணிக்கை ஏறும் விதிகளில், வரும் முகவரிகளைச் சில வாரங்கள் லாக் செய்து, உரிய ஆட்களிடம் கேட்டு, "எல்லோருக்கும்" என்பதை "இன்னாருக்கு" என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். மாற்றும் ஒவ்வொரு விதியோடும் யுஎஃப்டபிள்யூவின் காமென்ட் தெரிவைச் சேர்த்து, யார் கேட்டார்கள், எதற்காக, எந்த மாதம் என்று எழுதுங்கள்.